விரும்பினால் எழுதலாம்

பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்கு மகள் கணினியில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தின் அடியில் ஒரு சின்னச் சதுரம் வந்தது. அதற்குப் பக்கத்தில் இத்தாலிய மொழியில் இப்படி இருந்தது: கட்டுரைப் பகுதி. விரும்பினால் எழுதலாம். எழுதாதவர்களுக்குப் புள்ளி குறைக்கப்படாது. அந்தச் சதுரத்தில் அடையாளம் போடுவதா, வெறுமையாக விடுவதா என்பதில் எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாட்களைக் கழித்தோம்.

நாங்கள் பலெர்மோ நகரத்தில் சீசா என்கிற பகுதியில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகப் பக்கம் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. நான் லிபெர்த்தா வீதியில் ஒரு அம்மாவின் வீட்டில் வீட்டு வேலை செய்கிறேன், அவரைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அதே வீடுதான். முதல் வாரமே என் பெயர் வாயில் நுழையவில்லை என்று சொல்லி எனக்கு ஒரு இத்தாலியப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நானும் பழகிக்கொண்டேன்.

சிஞ்ஞோராவுக்கு ஒரு பேரன். என் மகளின் வயதுதான். அவன் பிறந்து சில மாதங்களில் அவனுடைய தாய் திரும்பவும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். பகலில் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். பாட்டி வீட்டில் விடுவது என்றால் என் கையில் விடுவது. அப்போது நாங்கள் கபோ என்கிற பகுதியில் குடியிருந்தோம். சந்தைக்குப் பின்னால் கன்னியாஸ்திரிகள் நடத்திய பாலர் பள்ளியில் என் பிள்ளையை விடுவேன். அவள் அழுகிற சத்தம் வாசல்வரை என் பின்னாலேயே வரும். நான் பஸ் ஏறிப் போய் அவனுக்குச் சாப்பாடு ஊட்டுவேன். பாலர் பள்ளி பூட்டியிருக்கிற நாட்களில் மகளையும் கூட்டிக்கொண்டு போவேன். இரண்டு பேரும் மேசைக்குக் கீழே கிடந்து விளையாடுவார்கள். "தண்ணி", "போதும்" என்கிற சொற்கள் அவன் வாயிலும் அப்போது இருந்தன.

பிள்ளைகள் வளர்ந்ததும் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. அவன் ஒரு பள்ளிக்கூடம், இவள் ஒரு பள்ளிக்கூடம். ஆனால் கடைசி வருடத்தில் இரண்டு பேரும் விரும்பியது ஒரே பல்கலைக்கழகத்தை, மிலானில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தை. நல்ல புள்ளி எடுத்தால் அங்கே உதவித்தொகை உண்டு. அதை நம்பித்தான் மகள் ஆசைப்பட்டாள். அவனுக்கு வீட்டுக்கே ஒரு ஆசிரியர் வந்து கணிதம் சொல்லிக்கொடுத்தார். இவள் நூலகத்திலும் தொலைபேசியிலும் தேடிப் படித்தாள். கணிதத்தில் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிரச்சினை கட்டுரையில்தான் வந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தக் கட்டுரையின் தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதானாம். உலகத்தை நீ பார்க்கிற விதத்தை மாற்றிய ஒருவரைப் பற்றியோ ஓர் அனுபவத்தைப் பற்றியோ எழுது என்பார்கள். மகளுக்கு எழுத ஒரு விஷயம் இருந்தது. சீசாவில் எங்கள் தரிப்பிடத்தில் பஸ் நெடுநேரம் வராது. பிறகு வரும்போது இரண்டு சேர்ந்து வரும். எல்லோரும் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். இவள் மட்டும் சின்ன வயதிலிருந்தே ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிந்தி வருகிற பஸ்ஸுக்காக ஆட்கள் அதிகம் காத்து நிற்பார்கள், அவர்களை ஏற்ற நேரம் எடுக்கும், அதனால் அது இன்னும் பிந்தும். பின்னால் வருவதற்கு ஏற்ற ஆட்கள் இல்லாததால் அது ஓடிவந்து முன்னதைப் பிடித்துவிடும். இதை அவள் தானே யோசித்துக் கண்டுபிடித்து, கணக்காக எழுதி, இரண்டு பக்கக் கட்டுரையாக்கினாள். அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டியபோது ஒரு இடத்தில்கூட எனக்கு விளங்காமல் போகவில்லை. யாருடைய தவறும் இல்லாமலே ஒருவர் பிந்திக்கொண்டே போகலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

அவளுடைய இத்தாலிய மொழி ஆசிரியை நல்ல மனுஷி. என் மகள்மேல் அவருக்கு உண்மையான அன்பு. கட்டுரையை வாசித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால் குளிராக இருக்கிறது என்றாராம். இதில் நீ எங்கே இருக்கிறாய், உன் அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டாராம். அந்த பஸ்ஸில் ஏறித்தானே உன் அம்மா வீடு துடைக்கப் போகிறார், அங்கிருந்து தொடங்கு, உங்கள் நாட்டு யுத்தத்தைக் கொண்டுவா, பரீட்சகர்கள் கீழே வைக்காமல் வாசிப்பார்கள் என்றாராம். உன்னைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான் அந்தப் பகுதியையே வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

மகள் வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக் கழற்றாமலே அதைச் சொன்னாள்.

"எந்த யுத்தத்தை நான் கண்டனான், அம்மா? நான் இஞ்சை பலெர்மோவிலை பிறந்தனான்."

கணவர் அவள் பக்கம். கட்டுரையே வேண்டாம், கணக்கை ஒழுங்காகச் செய்தால் காணும் என்றார். வீட்டுக் கதையை வெளியில் கொண்டுபோய் வைப்பது அவருக்குப் பிடிக்காது. நான் எழுதச் சொன்னேன். இந்த நாட்டில் எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களின் வரிசைகளில் நின்றவள் நான். விரும்பினால் கொண்டுவாருங்கள் என்று அவர்கள் சொன்ன காகிதத்தைக் கொண்டுபோகாமல் விட்டால், அந்தக் காகிதம் இல்லை என்றுதான் கடைசியில் திருப்பி அனுப்புவார்கள். விரும்பினால் என்று எங்களிடம் சொல்லப்பட்ட எதுவும் எங்களுடைய விருப்பத்தில் இருந்ததில்லை.

சிஞ்ஞோராவிடமும் கேட்டேன். அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார், நான் யன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டாயம் எழுத வேண்டும் என்றார். உன் மகளுக்கு ஒரு கதை இருக்கிறது, என் பேரனைப் பார், பாவம், அவனுக்கு வாழ்க்கையில் ஒன்றுமே நடக்கவில்லை, அவன் எதை எழுதுவான் என்று கவலைப்பட்டார். அந்தக் கவலை பொய்யில்லை. தன் பேரனிடம் இல்லாத ஒன்று என் மகளிடம் இருக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன். "என்னைப் பற்றி எழுதன், பிள்ளை. நான் கோவிக்க மாட்டன்."

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"பஸ்ஸை எழுதினால் குளிர் எண்டுவினம். நீங்கள் வீடு கூட்டுறதை நான் எழுதிக் குடுக்க, அவையள் வாசிச்சு அழுது போட்டு எனக்குப் புள்ளி போடுவினம். அப்பிடி ஒரு இடம் எனக்கு வேண்டாம். உங்களை வித்துப் படிக்க எனக்கு ஏலாது, அம்மா."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வசதி இருக்கிறது, எனக்கு இருந்ததில்லை என்று தோன்றியது.

"நான் நெடுகலும் என்னை வித்துக்கொண்டுதான் இருக்கிறன். உனக்காக இன்னொருக்கா வித்தால் என்ன?" என்றேன்.

அவள் எழுந்து கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் பதிவை முடித்து, கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். சதுரம் வெறுமையாக இருந்தது.

பரீட்சை பலெர்மோவிலேயே, கணினிகள் வைத்த ஒரு மண்டபத்தில் நடந்தது. சிஞ்ஞோராவிடம் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு நானும் கூடப் போனேன். பேரனைத் தகப்பன் காரில் கொண்டுவந்து இறக்கினார். அவன் ஓடிவந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். மகளோடும் சிரித்துக் கதைத்தான். கட்டுரை எழுதாதவர்கள் முதலில் வெளியே வரலாம். மகள் முதல் ஆட்களில் ஒருத்தியாக வெளியே வந்தாள். நாங்கள் புறப்படும்போதும் உள்ளே மற்றப் பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கேட்டதெல்லாம் செய்தேன் என்றாள். வரும் வழியில் ஆளுக்கொரு அரஞ்சீனா என்கிற பொரித்த சோற்று உருண்டை வாங்கி, தெருவோரம் நின்றபடியே சுடச்சுடச் சாப்பிட்டோம். முதல் கடியில் அவளுடைய நாக்கு வெந்துவிட்டது, எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாள் நல்ல நாளாகத்தான் இருந்தது.

பெறுபேறு வந்தபோது அவள் காத்திருப்போர் வரிசையில் இருந்தாள். எடுபட்டவர்களுக்குச் சற்றுக் கீழே. ஒவ்வொரு பகுதிக்கும் கிடைத்த புள்ளியைத் தனித்தனியே காட்டியிருந்தார்கள். கணிதத்திலும் தர்க்கத்திலும் அவளைத் தாண்டியவர்கள் வெகு சிலர்தான். கட்டுரைக்கு நேரே ஒரு சிறு கோடு. அவர்கள் சொன்னபடியே புள்ளி குறைக்கப்படவில்லை. மற்றவர்களுக்குக் கூட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். வரிசை நகரும் என்று ஓகஸ்ட் முழுவதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நகரவில்லை.

பேரன் எடுபட்டுவிட்டான்.

அந்தச் செய்தி வந்த அடுத்த நாள் சிஞ்ஞோரா இனிப்பு வாங்கி வைத்திருந்தார். நான் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திவிட்டு வரவேற்பறைக்கு வா என்றார். வழக்கமாக நான் தூசி தட்டுகிற நாற்காலியில் என்னை இருக்கச் சொன்னார். உனக்கு ஒரு பரிசு இருக்கிறது என்று சொல்லி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணினியிலிருந்து அச்செடுத்த தாள்களை வாசிக்கத் தொடங்கினார். அது பேரன் பரீட்சையில் எழுதிய கட்டுரை. அதன் தலைப்பு, அவர்கள் எனக்கு வைத்த பெயர்.

என்னை வளர்த்தவள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு வந்தவள் என்று அது தொடங்கியது. நான் யுத்தத்துக்குத் தப்பி, லொறி ஒன்றில் ஒளிந்து, எல்லைகளைக் கடந்து வந்தேனாம். என் கைகளில் எப்போதும் கறுவா மணக்குமாம். அந்த வீட்டில் நான் கறுவாவைத் தொட்டதே கிடையாது, என் கை மணந்ததெல்லாம் நிலம் துடைக்கிற மருந்து. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு முடிந்தது. பிள்ளை ஏதோ படத்தில் பார்த்ததை எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கட்டுரைக்குள் என் தம்பி வந்தான்.

பேரனுக்கு ஏழு வயது இருக்கும்போது அவனுடைய தாத்தா, சிஞ்ஞோராவின் கணவர், இறந்துபோனார். பிள்ளை சாப்பிடாமல் குசினியில் என்னோடு வந்து இருந்துகொண்டான். போனவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்டான். அன்றைக்கு ஏனோ என் தம்பியைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். தம்பி ஒரு காலை தன் வெள்ளைச் சேட்டைத் தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டு, நான் வந்து எடுக்கிறன், நீ எடுத்து மடிச்சுக் கசக்காதை என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனான். வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது. அந்தச் சேட்டைக் கொடியிலிருந்து எடுக்க அம்மா யாரையும் விடவில்லை. மழையிலும் வெயிலிலும் அது அங்கேயே கிடந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலிய மொழியில், வினைச்சொற்களெல்லாம் பிழையாக, அவனுக்கு இதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே முழுப் பாஸ்தாவையும் சாப்பிட்டான்.

லொறியைப் பொய்யாக எழுதியவன் இதில் ஒன்றையும் மாற்றவில்லை. சேட்டின் நிறத்தைக்கூட மாற்றவில்லை. சிஞ்ஞோரா அந்த இடத்தை வாசிக்க முடியாமல் நிறுத்தி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை வாசித்தார். பொறுமை என்றால் என்ன என்பதை நான் அவனுக்குக் காட்டினேன் என்று எழுதி முடித்திருந்தான். எனக்கு ஒரு மகள் இருப்பதாக அந்தக் கட்டுரையில் எங்குமே இல்லை.

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. நான் லொறியில் வரவில்லை, விசா எடுத்துக்கொண்டு விமானத்தில்தான் கணவரிடம் வந்தேன் என்றேன். சிஞ்ஞோரா சிரித்தார். எழுத்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நமக்குள் இருக்கட்டும், கணக்கில் அவன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, இந்தக் கட்டுரைதான் அவனைத் தூக்கிவிட்டது என்றார். என் கையைப் பிடித்து, இதில் உனக்கும் பங்கு இருக்கிறது என்றார். அவனுடைய பள்ளிக்கூடம் தன் இணையப் பக்கத்தில் இதைப் போடப்போகிறதாம். உன் மகளுக்கும் காட்டு, சந்தோசப்படுவாள் என்றார்.

நான் கிராட்சியே, நன்றி என்றேன். இனிப்பு வைத்த தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். மிச்ச உடுப்பையும் அயன் பண்ணி அலுமாரியில் அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மகளுக்குத் தெரியாமல் இதை மறைக்க வழியில்லை. ஒன்று நான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாராவது அதை அவளுடைய தொலைபேசிக்கு அனுப்புவார்கள். தம்பியின் படம் எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமா பிரச்சினை நேரத்தில் செத்துப்போனார் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அதற்குமேல் நான் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அன்று பின்னேரம் அவளை மேசையில் இருக்கச் சொல்லி, சேட்டு, சைக்கிள், அம்மா கொடியடியில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கட்டுரையைப் பற்றிச் சொன்னேன்.

அவள் எழுந்து போய் மாமாவின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து இருந்தாள்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ சின்னப் பிள்ளை எண்டு."

"அவனும் சின்னப் பிள்ளைதானே, அம்மா."

அவளுக்கு நான் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. இங்கே எழுதுகிறேன். இத்தாலிய மொழியில் எனக்கு அப்போது கொஞ்சச் சொற்கள்தான் தெரியும். தம்பி, சேட்டு, போனான், வரவில்லை. அந்தச் சொற்களுக்கு என் வீட்டுக் குரல் இல்லை. அதனால் சொல்ல முடிந்தது. தமிழில் சொல்லத் தொடங்கினால் அம்மா கொடியடியில் நின்று கத்திய குரல் என் தொண்டையில் வந்துவிடும். அந்தக் குரலை என் பிள்ளை கேட்கக்கூடாது என்று நினைத்தேன். அவள் பாரமில்லாமல் வளர வேண்டும் என்று நான் பூட்டிவைத்ததை, இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏறிப் போகிற படியாக்கிக்கொண்டான். அவனிடம் அதை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

சில நாட்களில் கட்டுரை பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தில் வந்தது. மகள் சோபாவில் இருந்து முழுவதையும் வாசித்தாள். லொறி வந்த இடத்தில் மட்டும் ஒருமுறை மூக்கால் சிரித்தாள். பிறகு தொலைபேசியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறான். நான் அந்தச் சதுரத்திலை அடையாளம் போட்டிருந்தாலும் இதை எழுதியிருக்க மாட்டன். எனக்குத் தெரியாதே."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கணக்கின் விடையைச் சொல்வது போலச் சொன்னாள்.

கணவர் அந்த வீட்டு வேலையை விட்டுவிடச் சொன்னார். நானும் விடுகிற எண்ணத்தோடுதான் சில நாள் போனேன். ஆனால் நோகிற இந்த முழங்காலோடு புதிதாக ஒரு வீட்டில் போய் என்னை நிரூபிக்க வேண்டும், அங்கேயும் யாரோ எனக்கு ஒரு பெயர் வைப்பார்கள். பிரான்காச்சோப் பகுதியில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலரிடம் விசாரித்தேன். அவர்களிலும் வேலை இல்லாதவர்கள் இருந்தார்கள். விடவில்லை.

மகள் இங்கேயே பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறாள். வார இறுதிகளில் ஒரு பாரில் கோப்பி போட்டுக் கொடுக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். என்னோடு மரியாதையாக இருக்கிறாள். சாப்பிட்டீங்களோ, முழங்கால் எப்பிடி என்று கேட்பாள். முன்பெல்லாம் வெளியில் நடந்ததையெல்லாம் பையைக் கழற்றும் முன்பே கொட்டுவாளே, அது இப்போது இல்லை. நான் எதையும் தனக்கு முழுதாகச் சொல்வதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். தானும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறாளோ என்னவோ.

முதல் நத்தார் விடுமுறைக்குப் பேரன் மிலானிலிருந்து வந்தான். தாடி வைத்திருந்தான். நேரே குசினிக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் சூது தெரியாத பிள்ளை, அன்று வரைக்கும் நான் அவனிடம் அந்தக் கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் என்னிடமிருந்து ஏதோ எடுத்திருக்கிறான் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் சமையலுக்குக் கார்ச்சோபிக் காய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அவன் எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அந்தக் கட்டுரை அங்கே ஒரு பேராசிரியருக்கு மிகவும் பிடித்துவிட்டது, அதை ஒரு போட்டிக்கு நீட்டி எழுதச் சொல்கிறார் என்றான். உன் தம்பியின் பெயர் என்ன, எப்படி இருப்பார், அந்தச் சேட்டைக் கடைசியில் யார் எடுத்தது என்று கேட்டான்.

அம்மா செத்த பிறகு அதைக் கொடியிலிருந்து எடுத்தது நான்தான். நூல் நூலாக இற்றுப்போயிருந்தது.

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். நான் அழப்போகிறேன் என்று நினைத்தானோ தெரியாது, அவன் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்து, இன்னும் வலிக்கிறது, எனக்கு விளங்குகிறது என்றான். வலி இல்லை, கோபம். கோபத்துக்கு இத்தாலிய மொழியில் என்ன சொல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வரவேற்பறையில் சிஞ்ஞோரா அவனைக் கூப்பிட்டார். போகும்போது வாசலில் நின்று, யோசித்துப் பார், நாளைக்குச் சொல்லு என்றான். நாளைக்கும் ஞாபகம் வராது என்றேன். அவன் சிரித்துக்கொண்டு போனான்.